புது வீடு: ஆர்க்கிடெக்ட்டா, இன்ஜினியரா, மேஸ்திரியே போதுமா? (சூலூர், 5½ சென்ட்)

நொய்யல்கரை | 5 ஜனவரி 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம்ங்க. ரெண்டு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இப்பத்தான். சூலூர்ப் பக்கம் எங்களுக்கு 40-க்கு 60, அஞ்சரை சென்ட் மனை இருக்குதுங்க. டிடிசிபி (அரசோட நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் ஆன இடம். வாசல் வடக்கு. மேற்கே பக்கத்து மனை காலி, அதைத் தாண்டினா சோளக்காடு. நானும் வீட்டுக்காரரும், ரெண்டு பொண்ணுங்க, முழங்கால் வலியோட இருக்கற மாமியார், மொத்தம் அஞ்சு பேரு. கீழ்த்தளம் மட்டும், 1,350 சதுர அடிக்குள்ள. கையில 14 லட்சம், லோன் 24 லட்சம். அதுக்கு மேல ஒரு ரூபா புரட்ட வழியில்லைங்க.

மூணு பேரைப் பார்த்தாச்சு. ஒருத்தர் பில்டர். சதுர அடி 2,350, பிளான் இலவசம், "நீங்க பால் காய்ச்ச வந்தாப் போதும்"னாரு. இன்னொருத்தர் இன்ஜினியர். பிளானும் அப்ரூவலும் சேர்த்து 18,000, கட்டறதுக்கு ஆளு நாமதான் பார்த்துக்கணும். மூணாவது, கோயமுத்தூர்ல ஒரு பெண் ஆர்க்கிடெக்ட். 1.9 லட்சம் கேக்கறாங்க. ஸ்ட்ரக்சுரல் (கம்பி, கான்கிரீட் விவரம்) டிராயிங்கும் பதினாலு தடவை சைட்டுக்கு வர்றதும் அதுலயே அடக்கம்.

மாமனார் காலத்துல இருந்து எங்க குடும்பத்துக்கு வேலை செய்யற மேஸ்திரி ஒருத்தரும் இருக்காரு. "ரெண்டு லட்சத்தைக் காகிதத்துக்குக் கொடுக்கறதா, அந்தக் காசுல சமையக்கட்டை நல்லாப் பண்ணிக்கலாமே"ன்னு வீட்ல பேச்சு. எனக்கு அது ஒப்பலைங்க. ஆனா ஏன்னு எடுத்துச் சொல்லத் தெரியல. கட்டி முடிச்சவங்க சொல்லுங்க.

---

மேஸ்திரி மகன் | 5 ஜனவரி, இரவு 10.25

அக்கா, எங்கப்பா பெருந்துறைப் பக்கம் முப்பத்திரெண்டு வருசமா மேஸ்திரி. நான் அவர்கூட சித்தாள் வேலையில இருந்து பார்த்தவன். அதனால மேஸ்திரி பக்கம் நின்னுதான் பேசறேன்.

நல்ல மேஸ்திரி ஏற்கெனவே நாப்பது தடவை கட்டின வீட்டை நாப்பத்தோராவது தடவையும் நல்லாவே கட்டுவாரு. ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், நேர் சுவர், ஒன்பது அங்குலக் கட்டு, ஊர்ல பத்து பேர் கட்டினதே உங்களுக்கும் போதும்னா 1.9 லட்சம் தேவையில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கம்பி டிராயிங் மட்டும் வாங்குங்க, மத்ததை அவர் பார்த்துக்குவாரு. உங்க வீட்டுக்குன்னு தனியா ஏதாச்சும் தேவை இருக்கா? அதை மட்டும் முதல்ல யோசிங்க.

---

வேளச்சேரி வெயில் | 6 ஜனவரி, காலை 7.15

நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2019-ல் கட்டினோம். "பிளான் இலவசம்" என்று சொன்ன ஒரு பில்டரிடம்தான் போனோம். முதல் சந்திப்பிலேயே டிவியில் எங்கள் வீட்டின் 3டி எலிவேஷனை, அதாவது வெளித்தோற்றப் படத்தை, போட்டுக் காட்டினார்கள். மேற்கே பத்தடி உயரத்துக்குக் கண்ணாடி, அதன் பின்னால் படிக்கட்டு, அதில் சாயங்கால வெளிச்சம். என் மனைவி கண் கலங்கிவிட்டாள், அவ்வளவு அழகு. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் படியின் ஸ்டீல் கைப்பிடியைத் தொட முடியாது. அந்தச் சூடு ஹாலுக்கு இறங்கி ராத்திரி பதினொன்று வரை நிற்கும். இப்போது கண்ணாடிக்கு உள்பக்கம் கெட்டித் திரை. சாயங்கால வெளிச்சமும் போச்சு, மே மாதக் கரண்ட் பில்லும் ஏறிப்போச்சு. அந்த 3டி போட்ட பையன் எங்கள் மனைக்கு வந்ததே இல்லை. மேற்கு எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

பிளான் இலவசம் என்றால் அந்தப் பிளான் அவர்களுக்குக் கட்ட சுலபமான பிளான். அவ்வளவுதான்.

---

தாழ்வாரம் | 6 ஜனவரி, இரவு 8.50

நான் திருச்சியில் பதினொரு வருடமாக ஆர்க்கிடெக்ட்டாக இருக்கிறேன். என் தொழிலுக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோவைப் பக்கம் நான் வேலை எடுப்பதில்லை.

முதலில் பெயர் விஷயம். "ஆர்க்கிடெக்ட்" என்று போர்டில் போட்டுக்கொள்ள 1972-ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு இருக்க வேண்டும். ஐந்து வருடம் பி.ஆர்க். படித்தால்தான் அந்தப் பதிவு. எண் "சிஏ" என்று தொடங்கும், அடுத்து ஆண்டு, பிறகு வரிசை எண். கவுன்சில் தளத்தில் தேடினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதே சமயம், வீட்டுக்குப் பிளான் போட ஆர்க்கிடெக்ட்டுக்கு மட்டும்தான் உரிமை என்று எங்கள் ஆட்களே யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சட்டம் காப்பது பட்டப்பெயரைத்தான், வடிவமைக்கும் வேலையைப் பிறர் செய்வதை அது தடுக்கவில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நல்ல சிவில் இன்ஜினியர் போட்ட நல்ல வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ.

அடுத்தது, எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பது. அப்ரூவலுக்குப் போகும் தாள் வேறு, கொத்தனார் கையில் இருக்க வேண்டிய தாள் வேறு. முதலாவதில் அறை அளவு, விடவேண்டிய இடைவெளி, மழைநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், இவ்வளவுதான் இருக்கும். 18,000 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் அந்த ஒரு தாள். அதில் ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வரும்? ஃபேன் கொக்கி எங்கே? பாத்ரூம் தளம் எத்தனை அங்குலம் கீழே இறங்கும்? கட்டில் போட்ட பிறகு சுவிட்ச்போர்டு கட்டிலுக்குப் பின்னால் போய்விடுமா? ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் சைட்டில் யாரோ ஒருவர் நின்ற நிலையில் முடிவு பண்ணுவார். தளம் போடுகிற அன்று காலையில், மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது, "சார் இந்த பாக்ஸ் எங்க வைக்கறது?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் சொல்லும் பதிலோடு முப்பது வருடம் வாழ வேண்டும்.

1.9 லட்சம் கேட்பவரிடம் எந்தெந்த டிராயிங் தருவார் என்று எழுதி வாங்குங்கள். பிளான், செக்‌ஷன் (குறுக்குவெட்டு வரைபடம்), கதவு ஜன்னல் அளவுப் பட்டியல், எலக்ட்ரிகல், பிளம்பிங், ஃபூட்டிங்கிலிருந்து (அஸ்திவாரத்தின் அடிப்பாகம்) ஸ்லாப் (மேல்தளம்) வரைக்கும் கம்பி விவரம், கூடவே பொருள் அளவோடு எஸ்டிமேட். இந்த எஸ்டிமேட் முக்கியம். அது கையில் இருந்தால்தான் நாலு கான்ட்ராக்டரிடம் ஒரே கணக்கில் ரேட் கேட்க முடியும். இல்லையென்றால் ஒருவர் சொல்லும் 2,350-இல் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) சேரும், இன்னொருவர் சொல்லும் 2,200-இல் சேராது. எப்படி ஒப்பிடுவீர்கள்?

---

நொய்யல்கரை | 6 ஜனவரி, இரவு 10.05

ரொம்ப நன்றிங்க மேடம். இப்பத்தான் பில்டர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, மொட்டைமாடித் தட்டோடு எல்லாமே கடைசிப் பக்கத்துல "தனி"ன்னு சின்ன எழுத்துல இருக்குதுங்க. படிக்கட்டு மேல வர்ற அறைக்கும் முழு சதுர அடி ரேட்டு.

மேஸ்திரி மகன் தம்பிக்கு: எங்களுக்குன்னு இருக்கற தேவை மாமியார்தான் தம்பி. ராத்திரி மூணு தடவை எந்திரிச்சு பாத்ரூம் போவாங்க. இப்ப இருக்கற வாடகை வீட்ல பாத்ரூம் வாசல்ல ஆறங்குலத் திட்டு. போன வருசம் அதுல தடுக்கி விழுந்து கையை உடைச்சுக்கிட்டாங்க.

---

கரிசல்காடு | 7 ஜனவரி, காலை 6.30

தாயி, ஆரு வரையணும்னு பேசுறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கேன். ஒங்க மனையில மண்ணு என்ன மண்ணு? ஒருத்தருமே அதக் கேக்கலியே. அந்த மூணு பேர்ல ஆராவது கேட்டாங்களா?

நான் கோவில்பட்டிக்குப் பக்கத்துல. 2011-ல வீடு கட்டுனேன். இன்ஜினியர் ஒருத்தர் பிளான் போட்டுக் கையெழுத்துப் போட்டாரு. அவரு பேரு வேண்டாம், அதச் சொல்லி இனி ஆகப்போறது ஒண்ணுமில்ல. எங்க ஊர்ல மண்ணு சுத்தக் கரிசல். செம்மண்ணுல தோண்டுற மாதிரியே நாலடி தோண்டி, அதுலயே ஃபூட்டிங் போட்டாச்சு. முத ரெண்டு வருசம் ஒண்ணும் தெரியல. 2014 கோடையில ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு கோடு. பூச்சு வெடிப்புன்னு சொல்லிப் பட்டி பாத்தோம். ஐப்பசி மழைக்கு அந்தக் கோடு மூடிக்கிட்டு. அடுத்த சித்திரையில மறுபடி தொறந்துச்சு, இந்தத் தடவை அம்பது பைசா நாணயம் உள்ள போற அகலம். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். வீடு அது மேல கெடந்து மூச்சு வாங்குது. பூசைஅறைக் கதவு வருசத்துல நாலு மாசம் சாத்த வராது.

அஸ்திவாரத்த மறுபடி தோண்ட முடியுமா? முடியாது. மண் பரிசோதனைக்கு அன்னைக்கு 8,000 கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். அந்தக் கையெழுத்துக்காரரும் வேணும்னு வற்புறுத்தல. எனக்கு வேண்டியிருந்தது நான் வேண்டாம்னாலும் விடாத ஒரு ஆளு.

---

கம்பிக்கணக்கு | 7 ஜனவரி, மதியம் 1.20

கரிசல்காடு ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் வேலை.

சூலூர்ப் பக்கம் மண்ணை ஊர்ப் பெயர் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே லேஅவுட்டில் இந்த மூலையில் செம்மண், அந்த மூலையில் ஐந்தடிக் கரிசல், அதற்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக்கல் கலந்த கெட்டி மண்) என்று மாறும். அதனால் உங்கள் மனையிலேயே குழி போட்டுப் பார்க்க வேண்டும். கரிசல் ஆழமில்லாமல் கீழே சுக்கான் கெட்டியாக இருந்தால் ஃபூட்டிங்கை அதுவரைக்கும் இறக்கிவிடலாம். கரிசல் ஆழமாகப் போனால் அண்டர்ரீம் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண். தண்டின் அடியில் குமிழ் மாதிரி அகன்றிருக்கும். பொதுவாக மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் இறக்குவோம். அந்த ஆழத்தில் மழைக்கும் வெயிலுக்கும் மண்ணின் ஈரம் பெரிதாக மாறாது, அதனால் குமிழ் அசையாது. மேலே ஓடும் பீமையும் மண்ணில் படாமல் இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும். மண் ஊதும்போது பீமைத் தூக்கிவிடக் கூடாது. ரூர்க்கியில் உள்ள சிபிஆர்ஐ (மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவாக்கிய முறை இது.

இன்னொரு விஷயம். ஆர்க்கிடெக்ட் கம்பிக் கணக்குப் போடுவதில்லை. அதற்கு அவர் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்திருப்பார். அது யார் என்று கேளுங்கள். அவர் ஒரு தடவையாவது சைட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள் வந்தால் போதும். அன்றைக்கு நான் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்கள். தூண் கம்பியைச் சுற்றிக் கட்டிய ரிங்கின் முனை தொண்ணூறு டிகிரியில் நின்றுவிட்டதா, 135 டிகிரிக்கு உள்ளே மடங்கியிருக்கிறதா? ஸ்லாப் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இருக்கிறதா, ஜல்லிக்கல்லைச் சொருகியிருக்கிறார்களா? ஃபூட்டிங் கம்பிக்கு அடியில் 50 மில்லிமீட்டர் விட்டிருக்கிறார்களா? கான்கிரீட் விழுந்த பிறகு இதையெல்லாம் யாராலும் பார்க்க முடியாது.

பில்டர் வைத்திருக்கும் இன்ஜினியருக்குச் சம்பளம் பில்டர் கொடுக்கிறார். அவர் நல்லவராகவே இருந்தாலும், ரிங் தப்பு என்று சொல்லி ஒருநாள் வேலையை நிறுத்தினால் அவர் முதலாளிக்குத்தான் நஷ்டம். வரைபவருக்கும் மேற்பார்வை பார்ப்பவருக்கும் காசு உங்கள் கையிலிருந்து போக வேண்டும். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது.

---

மேஸ்திரி மகன் | 7 ஜனவரி, இரவு 9.30

> தாழ்வாரம்: "சைட்டில் யாரோ ஒருவர் நின்ற நிலையில் முடிவு பண்ணுவார்"

மேடம், இது எங்கப்பாவைச் சொல்ற மாதிரி இருக்கு, அதனால பதில் சொல்றேன். அப்பாகிட்ட டிராயிங் கொடுத்த ஆர்க்கிடெக்ட்டுகள்ல பாதிப் பேரு பூச்சு கனத்தைக் கணக்குல சேர்க்கல. மூணடிக் கதவுன்னு போட்டிருப்பாங்க, சுவர்ல இருந்து நாலே அங்குலத்துல. நிலை வச்சு, பூசி, டைல்ஸ் ஒட்டினா கதவு முழுசாத் திறக்காது. அதைக் கண்டுபிடிச்சு மாத்தினதெல்லாம் அப்பாதான். பேரு அவங்களுக்கு. கம்ப்யூட்டர்ல வரைஞ்சது எல்லாமே செங்கல்ல வந்துடாது. மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் உட்கார வச்சு டிராயிங்கை விளக்கற ஆர்க்கிடெக்ட்டை நான் ரெண்டே பேரைத்தான் பார்த்திருக்கேன்.

அக்கா, மாமியார் விஷயம் படிச்சேன். அதுக்கு யோசிச்சு வரையற ஆளு வேணும்தான், ஒத்துக்கறேன். ஆனா அவங்க உங்க மேஸ்திரியை மதிச்சுப் பேசறாங்களான்னும் பாருங்க.

---

தாழ்வாரம் | 7 ஜனவரி, இரவு 10.40

தம்பி, நீங்கள் சொன்ன கதவுப் பிழையை நானும் செய்திருக்கிறேன், முதல் இரண்டு வருடத்தில். துறையூரில் ஒரு மேஸ்திரிதான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை, உங்கள் மனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேற்கே திறந்த வெளி என்றீர்கள். சூலூருக்கு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்துதான் வரும். ஆனியிலும் ஆடியிலும் அப்படி ஒரு காற்று உள்ள ஊரில் மனை வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் பங்குனி, சித்திரையில் மத்தியான வெயிலும் அதே மேற்குச் சுவரில்தான் அடிக்கும். மேற்கை முழுக்க அடைத்தால் ஆடிக்காற்று போச்சு, முழுக்கத் திறந்தால் சித்திரையில் அடுப்பு. உங்கள் மனையில் வரைபவருக்கு இருக்கும் உண்மையான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "மேற்குப் பக்கத்தை என்ன பண்ணுவீங்க?" பதிலைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

---

கடன்மேசை | 8 ஜனவரி, காலை 11.00

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் மட்டும்.

கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். "பேங்க் இன்ஜினியர் பார்த்துட்டாரு, தரம் சரியாத்தான் இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பார்ப்பது கொடுத்த பணத்துக்குக் கட்டடம் எழும்பியிருக்கிறதா என்பதை. சிமெண்ட் கலவையைப் பார்ப்பது அவர் வேலையில்லை.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டலாம். உங்கள் 2,400 சதுர அடி அதற்குள் வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் "விதிப்படி கட்டுகிறேன்" என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். முன்கூட்டி வந்து பார்த்து "இந்தப் பக்கம் இடம் போதாது" என்று சொல்ல அலுவலர் யாரும் வரமாட்டார். அதனால் விதி தெரிந்த ஒருவர் உங்கள் பக்கம் இருக்க வேண்டியது முன்பைவிட இப்போது அவசியம்.

---

நொய்யல்கரை | 19 ஜனவரி, இரவு 9.15

பொங்கல் வேலையில எழுத முடியலைங்க. நீங்க சொன்னபடி மூணு பேரையும் மறுபடி போய்ப் பார்த்தேன். மண்ணு, மேற்கு, யாரு சைட்டுக்கு வருவாங்க, இந்த மூணைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டேன்.

பில்டர்: "இந்த ஏரியாவுல எல்லாருக்கும் நாலடிதாங்க, மண் டெஸ்ட் எல்லாம் அபார்ட்மெண்ட்டுக்கு." மேற்குக்கு: "ஏசி போட்டுக்கலாம்."

இன்ஜினியர் நேர்மையாப் பேசினாரு. "அம்மா, நான் அப்ரூவல் வேலைதான் பண்றேன், மாசம் இருபது ஃபைல். சைட்டுக்கு வர எனக்கு நேரமில்லை. மண்ணை மட்டும் கட்டாயம் பார்த்துடுங்க"ன்னாரு. அவர்மேல எனக்கு மரியாதைதான்.

ஆர்க்கிடெக்ட் பதில் சொல்லல, "மனையைப் பார்த்துட்டுச் சொல்றேன்"னாங்க. சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு வந்தாங்க. நான் வீட்டுக்காரரோட மாமியாரையும் மேஸ்திரி அண்ணனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். வந்ததும் மேற்கு எல்லைக்கல்லுகிட்டப் போய் கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் மாமியார் பக்கத்துல கல்லு மேல உட்கார்ந்து, காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்னென்ன பண்ணுவீங்கம்மான்னு கேட்டாங்க. வெங்காயம் எங்க உட்கார்ந்து உரிப்பீங்க, வத்தல் எங்க காய வைப்பீங்க, எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பீங்க, எந்தக் கால்ல வலி. மாமியார் முக்கால் மணி நேரம் பேசினாங்க. எங்க மாமியார் வெளியாளுகிட்ட அத்தனை நேரம் பேசி நான் பார்த்ததில்லைங்க. இடது முழங்கால்தான் மோசம், அதனால எந்திரிக்கும்போது வலது கைப் பக்கம்தான் பிடிமானம் தேடுவாங்கன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சது. பத்து வருசமா ஒரே வீட்ல இருக்கறோம்.

பதிவு எண் கேட்டேன், சிரிச்சுட்டே கொடுத்தாங்க. தளத்துல பார்த்துட்டேன், சரியா இருக்குது. ஏற்கெனவே கட்டின வீடு ஏதாவது பார்க்கணும்னேன். ரெண்டு வீட்டு நம்பர் கொடுத்து, "நான் வரலை, நீங்களே போய்ப் பேசுங்க"ன்னாங்க. அங்க போய் என்ன கேக்கறதுன்னு சொல்லுங்க.

---

வேளச்சேரி வெயில் | 19 ஜனவரி, இரவு 9.50

மூன்று மணிக்குப் போங்கள், காலையில் போகாதீர்கள். மேற்குச் சுவரில் உள்பக்கமாகக் கையை வைத்துப் பாருங்கள். பகலில் எத்தனை லைட் எரிகிறது என்று எண்ணுங்கள். ஜன்னல் அடிப்பகுதியிலும் கைப்பிடிச்சுவர் ஓரத்திலும் ஈரத்தடம் இருக்கிறதா பாருங்கள். "எஸ்டிமேட் எவ்வளவு, முடிக்கும்போது எவ்வளவு?" என்று கேளுங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் தனியாக, "மறுபடி கட்டினால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். நான் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

---

கம்பிக்கணக்கு | 20 ஜனவரி, காலை 8.10

பதினாலு விசிட் எந்தெந்தக் கட்டத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மார்க்கிங், ஃபூட்டிங் கம்பி, பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் ஓடும் பீம்), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), ஸ்லாப் கம்பி, பூச்சுக்கு முன் பைப் லைன், இவை விட்டுப்போகவே கூடாது. கட்டணத்தையும் அதே மாதிரி பிரித்துக் கொடுங்கள். டிராயிங் கைக்கு வந்ததும் முக்கால்வாசிப் பணம் போய்விட்டால் பிறகு சைட்டுக்கு வரவைப்பது கஷ்டம். இது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கும் பொருந்தும்.

---

நொய்யல்கரை | 27 ஏப்ரல், இரவு 8.30

மூணு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. ஆர்க்கிடெக்ட்டையே வச்சுட்டோம். நேத்து மார்க்கிங் முடிஞ்சுது.

மண்ணு: மூணு இடத்துல குழி போட்டோம். நாலரை அடிக்குக் கரிசல், அதுக்குக் கீழ சுக்கான், கடப்பாரை இறங்கலை. பில்டர் சொன்ன நாலடியில போட்டிருந்தா ஃபூட்டிங் சரியாக் கரிசல் மேல உட்கார்ந்திருக்கும். இப்ப ஆறடிக்கு இறக்கறோம். அதுக்குக் கூடுதலா 70,000 ஆகுது. முகப்புல கல்லு ஒட்டற வேலையை எடுத்துட்டோம், கணக்கு சரியாப் போச்சு. கரிசல்காடு ஐயா, நீங்க அன்னைக்குக் கேக்கலைன்னா நான் இதைப் பத்தி நினைச்சே பார்த்திருக்க மாட்டேன்.

மேற்கு: மொட்டைமாடிப் படி, ஸ்டோர், ரெண்டு பாத்ரூம் எல்லாத்தையும் மேற்குச் சுவரோட வச்சுட்டாங்க, வெயிலை அதுக தாங்கிக்கும். நடுவுல நாலடி அகலத்துக்கு மட்டும் ஒரு சின்னத் தாழ்வாரம், மேல கூரை, வெளிப்பக்கம் செங்கல் ஜாலி (காத்து வர ஓட்டை விட்டுக் கட்டற சுவர்). ஆடிக்காத்து அது வழியா சாப்பாட்டு இடத்துக்கு வந்து கிழக்கு ஜன்னல்ல வெளிய போகும்னாங்க. கன்னி மூலையில எங்க பெட்ரூம், சமையல் அக்னி மூலைதான். மாமனார் அண்ணன் வாஸ்து பார்த்துத் தலையாட்டிட்டாரு. பெட்ரூம் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி, ஜன்னல் தெற்கே.

கட்டறது எங்க மேஸ்திரி அண்ணன்தான், லேபர் கான்ட்ராக்ட். மேஸ்திரி மகன் தம்பி, உனக்காகவே இதைச் சொல்றேன். டிராயிங்கை அவர் முன்னாடி விரிச்சு வச்சு ரெண்டு மணி நேரம் பேசினாங்க. அவர் ரெண்டு திருத்தம் சொன்னாரு. ஸ்டோர் ஜன்னலை அஞ்சு அங்குலம் தள்ளினா செங்கல் உடைக்காம வரும்னாரு. இன்னொண்ணு, இந்த ரோட்டை அவர் பார்க்கவே ரெண்டு தடவை மேல தூக்கிட்டாங்களாம், அதனால பேஸ்மெண்ட் (வீட்டுத் தரை மட்டம்) இன்னும் ஒரு அடி ஏறணும்னாரு. அப்புறம் அந்த ஒரு அடிக்கு மாமியாருக்காக வாசல்ல சாய்தளம் எப்படிக் கொண்டு வர்றதுன்னு ரெண்டு பேரும் மண்ணுலயே குச்சியால கோடு போட்டுப் பேசிட்டு இருந்தாங்க.

நேத்து சுண்ணாம்புப் பொடியில அறை எல்லாம் கோடு போட்டாச்சு. மாமியார் அவங்க அறைக் கோட்டுக்குள்ள போய், கட்டில் வர்ற இடத்துல நின்னு, அங்கிருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து பார்த்தாங்க. ஒன்பது எட்டு. வலது கைப் பக்கம் கம்பி வர்ற இடத்துல கையை நீட்டி, "இங்கதானே?"ன்னு கேட்டாங்க.

புதன்கிழமை அட்சய திருதியை. அன்னைக்கே குழி தோண்ட ஆரம்பிக்கறோம்.

---

மேஸ்திரி மகன் | 27 ஏப்ரல், இரவு 9.05

அக்கா, இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னாரு: ஆறடிக் குழியில பக்கச் சுவரு சரியாம இருக்க மேல வெட்டின மண்ணை ஓரத்துலயே குவிக்காம நாலடி தள்ளிப் போடச் சொன்னாரு. ஆளுங்க உள்ள நிக்கும்போது ரொம்ப முக்கியமாம்.

---

கரிசல்காடு | 28 ஏப்ரல், காலை 6.10

ரொம்பச் சந்தோசம் தாயி. கோடை மழை எந்நேரமும் எறங்கும். தோண்டுன குழியத் தொறந்து போடாதீங்க. சுக்கான் தட்டுன அன்னைக்கே அடிக் கான்கிரீட்டப் போட்டு மூடிருங்க. தண்ணி நின்னுட்டா அதை முழுசா எறைச்சு, எளகுன மண்ண வழிச்சு எடுத்த பெறகுதான் மேல வேலை. மேஸ்திரிகிட்ட இன்னைக்கே சொல்லி வையுங்க.